சோளக்குழியில் விளக்கு

சேலையின் மடிப்பு மாறியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் தரணிதான் அதைக் கடை மடிப்புக் கலையாமல் தட்டில் வைத்து, மேலே மஞ்சளும் ஒரு முழம் பூவும் வைத்து, உள்ளறைத் தரையில் இறக்கியிருந்தாள். பச்சையில் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலை. காலையில் மாமியார் முத்தாத்தாள் பூட்டைத் திறந்து எடுத்துவந்து கையில் கொடுத்ததும் அதே சேலைதான். விளிம்போடு விளிம்பு பொருந்த யாரோ பொறுமையாக மடித்திருந்தார்கள். ஆனால் கடைக்காரர் மடித்த மாதிரி இல்லை.

வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தரணி கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தவள். இப்போது புருஷன் சசிகுமாரின் நிட்டிங் யூனிட்டில் அதையே பார்க்கிறவள். துணி தனக்கு நடந்தது எதையும் மறைக்காது. ஒரே ஒரு தடவை உடுத்திய பருத்திச் சேலையைக்கூட, எத்தனை ஒழுங்காக மடித்தாலும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரிந்துவிடும். இடுப்பில் செருகிய இடத்தில் கசங்கல் ஒரு பட்டையாக ஓடும். கொசுவம் பிடித்த இடத்தில் ஒரே அகலத்தில் கோடுகள் வரிசையாக விழும். தோளில் முந்தி திரும்பும் இடத்தில் இழை குறுக்கே இழுபட்டிருக்கும். தரணி ஜன்னலோரம் போய்ச் சேலையைத் தூக்கிப் பிடித்தாள்.

பட்டை இருந்தது. கோடுகள் இருந்தன. இழை இழுபட்டிருந்தது.

உள்மடிப்பிலிருந்து கொஞ்சம் உமி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். வெகுநாள் மண்ணுக்குள் கிடந்த தானியத்தின் புளித்த வாசனை.

"ஏனுங்க அத்தை, ராத்திரி உள்ளறைக்கு யாராச்சும் போனீங்களா?"

"சாவி என் இடுப்புல இருக்குது. யாரு போவா?" முத்தாத்தாள் சேலையைப் பார்க்காமலே பேசினாள். "கட்டிக்க கண்ணு. கம்பெனித் துணியாட்ட தூக்கித் தூக்கிப் பாத்துட்டு நிக்கறே."

தை மாதத்தில் ஒரு நாள் உள்ளறையில் புதுச்சேலை வைத்துப் பூட்டுவதும், மறுநாள் அதை வீட்டு மருமகள் எடுத்துக் கட்டிக்கொள்வதும் அந்த வீட்டு வழக்கம். ஊத்துக்குளிப் பக்கம் பல வீடுகளில், செத்துப்போன வீட்டுப் பெண்ணை நினைத்துச் சேலை வைப்பது உண்டு. பேர் சொல்லி அழைத்து, படையல் போட்டு, வழியனுப்பியும் வைப்பார்கள். இந்த வீட்டில் அழைப்பதில்லை. வழியனுப்புவதும் இல்லை.

"யாருக்குங்க அத்தை வெக்கறோம்?"

"ஊட்டு சாமிக்கு."

"பேரு?"

"பேரில்ல."

"பேரில்லாம எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிடாம இருக்கறதுக்குத்தான் பேரில்ல," என்றாள் முத்தாத்தாள். பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் எழுந்து போய்விட்டாள்.

தரணி அந்த வருஷம் சேலையைக் கட்டவில்லை. பீரோவின் அடித்தட்டில் தள்ளிவைத்தாள். இதற்கு முன்னால் ஒவ்வொரு தையிலும் மடிப்பைப் பார்க்காமலே கட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, குளித்திருந்தவள் மறுபடியும் போய்க் குளித்தாள்.

அடுத்த வாரமே சசிகுமார் உள்ளறையில் வேலையைத் தொடங்கினான். துணி ரோல்களை அடுக்க இடம் போதவில்லை. பழைய தரையைப் பெயர்த்துவிட்டு, கம்பி கட்டி, கனமாகக் கான்கிரீட் போடவேண்டும். கொத்தனார் வீரன் நடு அறையில் கடப்பாரையை இறக்கியதும் 'டங்' என்று சத்தம் வந்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் வட்டமாக வெட்டிய ஒரு கல்.

"சோளக்குழிங்க," என்றார் வீரன். "இதைய வாசல்லதான் தோண்டுவாங்க. உங்காளுங்க என்னமோ குழிமேல ரூமே கட்டிட்டாங்க."

தரணிக்கு அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வீரனைக் கேட்டு, ஊருக்குள் ரெண்டு பேரைக் கேட்டு, குழி வேலைசெய்யும் விதத்தை முழுசாகப் புரிந்துகொண்டாள். குழியின் வடிவம் பானை மாதிரி. கழுத்து ஒரு ஆள் நுழையும் அளவு, வயிறு அகலம். சுவரெல்லாம் மண்ணும் சாணியும் பூசி, வைக்கோல் பரப்பி, சோளத்தைக் கொட்டி, வாயில் கல்லை வைத்துப் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. தானியமும் மூச்சுவிடும் என்பதுதான் சூட்சுமம். மூடிய குழிக்குள் இருக்கும் நல்ல காற்றை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித் தீர்த்துவிடும்; அப்புறம் புழுவோ பூச்சியோ அங்கே பிழைக்க முடியாது. மனிதரும் பிழைக்க முடியாது. அதனால் குழியைத் திறந்ததும் யாரும் இறங்கமாட்டார்கள். கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் காத்திருப்பார்கள், எரிந்தால் இறங்குவார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். குழிச்சோளத்துக்குப் புளித்த வாசனை உண்டு. மூடியைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் தெரியும்.

தரணிக்குச் சேலையின் உமி நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. வீட்டை ஒட்டிய யூனிட்டில் பன்னிரண்டு மிஷினும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் அவளுக்குத் தாலாட்டு மாதிரி. ஆனால் இப்போது இரைச்சலுக்கு அடியில் வேறொன்று இருப்பதுபோல் இருந்தது. மெத்தென்று. நிதானமாக. உரலில் உலக்கை விழுவதுபோல.

கேட்க வேண்டிய ஆள் யார் என்று யோசித்தாள். அவளுடைய கல்யாணத்துக்குக் கணியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனது. 'அவங்க நம்மூட்டுல கை நனைக்கமாட்டாங்க' என்று அப்போது யாரோ சொன்னார்கள்.

கணியூரில் அந்தக் குடும்பத்து லிங்கசாமி தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயை அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவள் எந்த வீட்டு மருமகள் என்று கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க கல்யாணத்தை மறக்க முடியுங்களா அம்மிணி? உங்கூர் நெய்வாசம் பந்தலைத் தாண்டி ரோடு வரைக்கும் வருது. நான் பஸ் ஸ்டாண்டுல போய் பன்னு தின்னேன்."

"ஏனுங்க அப்படி?"

"எங்கப்பன் நனைக்கல. அவங்கப்பனும் நனைக்கல. ஏன்னு கேட்டா கன்னத்துல ஒண்ணு விழும்." பிறகு குரல் இறங்கியது. "எங்கூட்டுப் பொண்ணு ஒண்ணை உங்கூட்டுக்குக் குடுத்திருந்தாங்க. வேலாத்தாள்னு பேரு. தாது வருசப் பஞ்சத்துக்கு முந்தி. வெள்ளைக்காரன் காலம். ஊரெல்லாம் சோத்துக்கு இல்லாம சாகறாங்க, உங்கூட்டுக் குழி மட்டும் ரொம்பிக் கெடக்குது. வெளிய தெரிஞ்சா கொள்ளையடிச்சுப் போடுவாங்கன்னு ராத்திரில ஒரு ஆளை எறக்கிச் சோளம் மோந்திருக்காங்க. மருமகதானே எறங்குவா."

அவர் குழாயை மறுபடி கையில் எடுத்தார்.

"ஒரு நா அவ உள்ள இருக்கறப்பவே ஆளுங்க வந்துட்டாங்களாமா. கல்லை மூடிப் பூசிட்டாங்க. வந்தவங்க போகல. பசிச்ச சனம், வாசல்லயே படுத்துக்கிச்சு. தொறந்தா வாசம் வருமில்லீங்க? அதனால தொறக்கல. எங்காளுங்க சேதி தெரிஞ்சு போய்ப் பொண்ணு எங்கன்னு கேட்டிருக்காங்க. புருசங்காரன் குழிமேல கட்டலைப் போட்டு உக்காந்துட்டு, 'உள்ள யாருமில்லீங்க'ன்னானாம். ஊட்டைத்தான் சொல்றான்னு இவங்களும் நெனச்சுட்டாங்க. அவ யாரோடவோ ஓடிட்டான்னு சொல்லி அனுப்பிட்டான்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"திரும்பி வர்ற வழியிலதான் ஒருத்தருக்கு ஒறைச்சுதாம். பேசிட்டிருந்த நேரம் பூரா எங்கயோ கம்பு இடிக்கற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சாமா. அந்த வருசத்துல இடிக்கறதுக்கு யாருகிட்டங்க கம்பு இருந்துச்சு?"

தரணி கிளம்பும்போது அவர் மனைவி மோர் கொண்டுவந்தாள். தரணி குடித்தாள். "எங்கூட்டுல நீங்க நனைக்கலாம் அம்மிணி, தப்பில்ல," என்றார் லிங்கசாமி. "அவளுக்கு ஏதாச்சும் பண்ணுங்க."

அதனால்தான் கான்கிரீட் போடும் நாளில் அவள் புருஷன் முன்னால் பிடிவாதமாக நின்றாள். அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை நாள் அது, மிஷின்கள் நின்றிருந்தன. ஆட்களுக்கு லீவு. வீடு காதடைத்ததுபோல் கிடந்தது.

"எலும்பு இருந்தா எடுத்துரலாங்க. ஒரு பொம்பளையப் போட்டு மேல ரோல் அடுக்கறதா?"

"கலவை லாரி கெளம்பிருச்சு தரணி. வந்தா நிக்காது, டிரம்முலயே கெட்டியாயிரும்."

"வர்றதுக்குள்ள பாத்துடறேன்."

சசிகுமார் கெட்டவனில்லை. கல்லைப் புரட்டச் சொன்னான். வீரனும் இன்னொரு ஆளும் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, மூச்சு வாங்க வாங்க நகர்த்தினார்கள். வாசனை எழும்பி அறையை நிறைத்தது. வாளிக்குள் அகல்விளக்கை வைத்து வீரன் கயிற்றை விட்டார். சின்ன மஞ்சள் வட்டம் இறங்கி இறங்கி அடியில் உட்கார்ந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

எரிந்தது. ஆடாமல், குறையாமல்.

"எறங்கலாங்க," என்றார் வீரன்.

வெளியே கேட்டில் லாரி ஹாரன் கேட்டது. ரிவர்ஸ் எடுக்க வழி காட்டவேண்டும் என்று சசிகுமார் ஓடினான். கயிற்றை உள்ளேயே விட்டு, ஏணியை இறக்கி அழுத்தி நிறுத்திவிட்டு வீரனும் மற்றவரும் பின்னால் போனார்கள். தரணி குழியின் வாயில் மண்டியிட்டாள். எலும்பை எடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. வேலாத்தாளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால்தான் அவள் இங்கேயே கிடக்கிறாள் என்று நினைத்தாள்.

"வேலாத்தா," என்று கூப்பிட்டாள். "மேல வாங்க சாமி."

குழிக்குள் அவள் குரல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஏணியில் கால்வைத்தாள்.

கழுத்தைத் தாண்டியதும் சுவர் விலகிக்கொண்டது. கையை நீட்டினாலும் எட்டாது. ஏணி மட்டும் இருட்டின் நடுவில் நின்றது. அடியில் வைக்கோல் தூளும் உமியும் கணுக்கால் அளவு. வாளியிலிருந்து அகலை எடுத்துச் சுற்றிலும் காட்டினாள். காலால் துழாவினாள். குனிந்து கையால் அரித்தாள்.

எலும்பு இல்லை.

ஒரு வளையல் துண்டு இல்லை. ஒரு முடி இல்லை. சுவரில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. உரலின் குழிமாதிரி வழுவழுவென்று தேய்ந்த பள்ளம். பாத்திரம் உரசிய இடமாக இருக்கும் என்று நினைத்தாள். விரலால் தடவினாள். மண் குளிர்ந்திருந்தது, பள்ளம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

அப்போதுதான் விளக்கைப் பார்த்தாள்.

அது எரிந்துகொண்டிருந்தது. அதில்தான் ஏதோ தப்பு. அவள் நின்று யோசித்தாள், துணியில் ஓட்டை தேடுவதுபோல. பூசி மூடிய குழி. மேலே தரை. நூற்றைம்பது வருஷமாகத் திறக்காதது. இப்போதுதான் கல்லைப் புரட்டியிருக்கிறார்கள். காற்று மாற நேரமே கொடுக்கவில்லை. கெட்ட காற்று கனமானது, அடியில் தேங்கி நிற்கும். விளக்கு அணைந்திருக்க வேண்டும். இறங்கின உடனே அணைந்திருக்க வேண்டும். எரிந்தால் ஆபத்தில்லை என்பதைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தார்கள். எரியவே கூடாத இடத்தில் எரிந்தால் என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும்.

ஏணி அசைந்தது.

அண்ணாந்தாள். ஏணியின் கால்கள் உமியை விட்டு எழுந்து, மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தன. எட்டிப் பிடித்தாள். விரல் நழுவியது. வட்ட வெளிச்சத்தில் ஒரு விளிம்பு. பச்சை. அரக்குக் கரை. சேலையைச் சற்றே தூக்கிச் செருகிய இடுப்பு. தரணிக்கு முதலில் தெரிந்தது கொசுவம்தான். ஒரே அகலம். ஒழுங்கான மடிப்பு. பீரோவில் இருந்த சேலை.

"அத்தை?"

முகம் குனியவில்லை. ஒரு கை மட்டும் கல்லின்மேல் வந்தது. கடப்பாரையோடு ரெண்டு ஆம்பளைகள் நெம்பிய கல் அந்த ஒற்றைக் கைக்கு நகர்ந்தது. வட்டம் பிறையானது. பிறை கோடானது.

கோடும் போனது.

அவள் கத்தினாள். கழுத்து குறுகின பானைக்குள் பேசினால் பேச்சு வயிற்றுக்குள்ளேயே சுற்றும், வெளியே போகாது. அவளுடைய சத்தமெல்லாம் அவள் காதுக்கே திரும்பி வந்தது. வாளியை எறிந்தாள். கல்லில் பட்டுத் தலையில் விழுந்தது. சுவரில் ஏறப் பார்த்தாள். சுவர் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்தது. நகம் மடங்கியது.

பள்ளத்தில் காதை வைத்தாள். மண் சத்தத்தைக் கடத்தும். மேலே நடப்பது கேட்டது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

"அதுக்குள்ள ஏறிட்டயா?" சசிகுமார். "கல்லு யாரு மூடுனா?"

"மூடியாச்சுங்க."

தரணியின் குரல். அவளே பேசினால் எப்படியிருக்குமோ அப்படி.

"சீலை எப்பக் கட்டுன?"

"சாமி சீலைங்க. கட்டோணும்னு தோணுச்சு."

சசிகுமார் சிரித்தான். "நல்லாருக்குது. சரி, உள்ள என்ன இருந்துச்சு?"

"உள்ள யாருமில்லீங்க."

என்ன இருந்தது என்று கேட்டவனுக்கு யாருமில்லை என்று பதில். தரணி காத்திருந்தாள். அவன் கவனிப்பான். கவனிக்க வேண்டும்.

"அப்பச் சரி," என்றான்.

தரணி பள்ளத்தில் குத்தினாள். முஷ்டியால். திரும்பத் திரும்ப. டும். டும். டும். மேலே கம்பிகளைப் பரப்புகிற ஓசை. டும். டும். பிறகு எல்லாம் நின்றது.

"என்னமோ இடிக்கற சத்தம் கேக்குதுங்களே," என்றார் வீரன்.

"பக்கத்துல எங்காச்சும் மிஷின் ஓடும்."

"இன்னிக்குக் கரண்டே இல்லீங்களே."

தரணி குத்துவதை நிறுத்தவில்லை. தூரத்தில் முன்வாசலிலிருந்து முத்தாத்தாளின் குரல்: "தரணி, ஏ தரணி?"

"வந்துட்டனுங்க அத்தை." மேலே பாதங்கள் நகர்ந்தன. போகிற போக்கில், மெதுவாக, "ஊத்தச் சொல்லுங்க. கெட்டியாயிரும்."

முதலில் சரசரப்பு. பிறகு கனமாக, ஈரமாக, மடமடவென்று. கல் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுச் சாம்பல் தண்ணீர் இறங்கி அவள் நெற்றியில் விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் விழவில்லை. பாதச் சத்தம் போனது. லாரி போனது. வெகுநேரம் கழித்து, நூறு அடிக்கு அப்பாலிருந்து வருவதுபோல், மிஷின்கள் ஓடத் தொடங்கின.

தரணி உமியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்தாள். மூடின குழிக்குள் எது எவ்வளவு நேரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் சுடர் சிறுக்கும். பிறகு நீலமாகும். பிறகு திரியை விட்டு எழும்பி அணையும். அதற்கப்புறம் தூக்கம் வரும். வலிக்காது. அவள் காத்திருந்தாள்.

மிஷின்கள் நின்றன. ஓடின. மறுபடி நின்றன. மறுபடி ஓடின.

சுடர் சிறுக்கவில்லை.

அகலைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய், வீரன் ஊற்றிய அளவிலேயே விளிம்பு வரைக்கும் நின்றது. பசிக்கவில்லை. தாகம் இல்லை. நெற்றியில் விழுந்த சொட்டு எப்போதோ காய்ந்து கல்லாகியிருந்தது. நெஞ்சில் கைவைத்தாள். மூச்சை எப்போது விட்டாள் என்று நினைவில்லை.

எழுந்து சுவரிடம் போனாள். முஷ்டியை மடக்கிப் பள்ளத்தில் வைத்தாள். ஒவ்வொரு விரல் கணுவுக்கும் இடம் இருந்தது. அவளுக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

டும்.

கைக்குப் பின்னால் விளக்கு ஆடாமல் எரிந்தது.